அப்பா பாலத்தைத் தூக்கவில்லை, அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவின் நினைவு நாளுக்கு நீ அடிக்கப்போகும் போஸ்டரைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். படம் நன்றாக இருக்கிறது. கீழே 'பாம்பன் பாலத்தைத் தன் தோள் வலிமையால் தூக்கியவர்' என்று போட்டிருக்கிறாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பேச்சு வேறு எங்கோ போய்ச் சண்டையில் முடியும். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் வீட்டு விஷயத்தை இங்கே எடுக்கப்போவதில்லை.

அப்பா நம் இரண்டு பேரையும் தான் வேலை பார்த்த பாம்பன் ரயில் தூக்குப் பாலத்துக்குக் கூட்டிப்போன நாளை நினைத்துப் பார். சாலைப் பாலம் 1988-ல் திறப்பதற்கு முந்தைய வருடம் அது. யார் அனுமதித்தார்கள் என்று எழுதமாட்டேன். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரயில் போன பிறகு, பாலத்தின் திறக்கும் இரண்டு இறக்கைகளையும் சேர்த்துப் பிடிக்கும் நடுப்பூட்டைக் கழற்றினார்கள். தெற்கே படகுகள் காத்துக்கொண்டு நின்றன. அப்பா உன்னைக் கூப்பிட்டு லிவரில் கை வைக்கச் சொன்னார். நீ பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு மொத்தத்தையும் கொடுத்துத் தள்ளினாய். அவர் உன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "முரட்டுத்தனம் பண்ணாதேடா. அது போற வேகத்துக்குக் கூடப் போ" என்றார்.

இது உனக்கு மறந்துவிட்டதா? எனக்கு அந்தக் குரல்கூட அப்படியே இருக்கிறது.

ஒரு பக்கத்து இறக்கை மட்டும் 415 டன். எத்தனை ஆட்கள் சேர்ந்தாலும் தோள் பலத்தால் தூக்க முடிகிற எடையா அது? பின்னால் எதிர்ப்பாரம் இருக்கிறது. துலாக் கிணற்றைக் காட்டித்தானே அப்பா நமக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்? முன்னால் இருக்கும் எடையைப் பின்னால் இருக்கும் எடை தாங்கிக்கொள்ளும். ஆட்கள் கொடுக்கவேண்டியது உராய்வையும் காற்றையும் மிஞ்சுகிற அளவுக்கு மட்டும்தான். அதையும் பல்சக்கரங்கள் பங்குபோட்டுக்கொள்ளும். இறக்கையின் அடிப்பகுதி வட்டத்தில் வெட்டிய துண்டுபோல வளைந்திருக்கும். அது ஒரே இடத்தில் கீல் மாதிரி திரும்பாது, பின்பக்கமாக உருளும். உருள உருள முனை மேலே எழும்பும், கப்பல் போகும் வழியிலிருந்தும் விலகும். அப்பா அதைத் தூக்குவது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னைக்கு ரெண்டு திறப்பு" என்பார்.

அன்றைக்கு நானும் லிவரைத் தொடப் போனேன். "உனக்கு வேண்டாம், போ" என்றாய். அப்பா சொல்லவில்லை, நீதான் சொன்னாய். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாலத்தைத் தனியாகத் தூக்கினேன் என்று சொல்லித் திரிந்தாய். இந்தப் போஸ்டர் வாசகம் அந்த வயதில் ஆரம்பித்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் திரும்பி வரும்போது ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. காற்று பாவாடையைப் பிடித்து இழுத்தது. நான் அழுதுகொண்டு நின்றுவிட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணிக்கொண்டே கரைவரைக்கும் கூட்டிவந்தாய். எண்ணிக்கை தப்பியபோதுகூட நிறுத்தவில்லை, ஏதோ ஒரு எண்ணிலிருந்து மறுபடி தொடங்கினாய். அந்தக் கையை நான் மறக்கவில்லை, அண்ணே. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் அப்பா தேடியது அந்தக் கையைத்தான். சரி, இதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

வில்லியம் ஷெர்சரைப் பற்றி இப்போதுதான் படித்தேன். இந்த உருளும் பாலத்தை யோசித்த அமெரிக்கப் பொறியாளர் அவர். சிகாகோவில் அந்த வகையின் முதல் பாலம் 1895-ல் வந்தது. அவர் 1893-லேயே இறந்துவிட்டார். உடன்பிறந்த ஆல்பர்ட்தான் வேலையை எடுத்து நடத்தினார். அதனால்தான் 1914-ல் நம் கடலில் அந்தப் பெயர் நின்றது. 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள், அதாவது இரும்பு உத்திரங்கள், கடலுக்குள் போனபோதும் ஷெர்சர் இறக்கைகள் அசையவில்லை. ஆறு மாதம் ஆகும் என்றிருந்த பழுதுபார்க்கும் வேலையை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்த கதையை அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! கடலில் கிடந்த கர்டர்களையே எடுத்து மாட்டினார்கள் என்னும் இடம் வந்தால் அவர் குரல் உயரும்.

இனி மன்னிப்புக்கு வருகிறேன். புதுப் பாலத்தில் மூன்று பேரும் சேர்ந்து போகலாம் என்று பேசியிருந்தோம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து அப்பா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. அதற்குள் அவர் போய்விட்டார். நாம் இரண்டு பேராவது போகலாம் என்றேன். ஆடி முடியட்டும் என்றாய், தீபாவளிக்கு என்றாய், பொங்கலுக்கு என்றாய். போன வாரம் நான் தனியாகப் போய்விட்டேன். சொல்லாமல் போனது தப்புதான், மன்னித்துவிடு. ஆனால் நீ இன்னொரு தேதி சொல்லியிருப்பாய், நானும் சரி என்றிருப்பேன்.

புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகுமாம். மோட்டார்தான் எல்லாம் செய்கிறது. ஆனால் அங்கேயும் எதிர்ப்பாரம் உண்டு! கோபுரங்களைப் பார்த்ததும் அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்தில் பழைய பாலம் துருப்பிடித்துப்போய் நின்றது. என்னால் கொஞ்ச நேரம்தான் பார்க்க முடிந்தது.

போஸ்டர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று சின்னவன் சொன்னான். 'தூக்கியவர்' என்பதை எடுத்துவிடு. தோள் வலிமையும் வேண்டாம். 'பாம்பன் தூக்குப் பாலத்தைத் திறந்துவிட்டவர்' என்று மட்டும் போடு. இன்றைக்குள் மாற்றிக் குழுவில் அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

உன் தங்கை