வலிப்பு வந்த பிள்ளைக்குக் கால்சியமும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்க வேண்டாம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை சொன்னது நல்லது. ஸ்கேன், மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் இ.இ.ஜி. பற்றி விரிவாகப் பேசிய அது, ரத்தத்தில் கால்சியம் பார்ப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு ஓடி வருகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். அது மிகவும் குறைந்தால் நரம்புகள் தாமாகவே துடிக்கும். உதட்டைச் சுற்றி மதமதப்பு வரும், விரல்கள் இழுத்துக்கொள்ளும், கடைசியில் வலிப்பு வரும். கால்சியம் குறைந்தவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, ரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கு 20 புள்ளி கூட ஏற்றி 3 நிமிடம் வைத்திருந்தால், கட்டைவிரல் உள்ளே மடங்கி மற்ற விரல்கள் நீட்டியபடி குவிந்துவிடும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைச் செய்து பார்க்கலாம்.

கால்சியத்தைக் காப்பது தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். அவை விடும் பி.டி.எச். ஹார்மோன் சிறுநீரக செல்லுக்குள் நுழைவதில்லை. வெளிச்சுவரில் உள்ள ஏற்பியில், அதாவது ஹார்மோனை வாங்கும் புரதத்தில், வந்து உட்காரும். சேதியை உள்ளே கொண்டுபோவது ஜி புரதங்கள் என்ற குடும்பம். அதில் ஜிஎஸ் ஆல்பா என்ற புரதம் பழுதானால், வாசலில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே எழுந்து வர ஆள் இருக்காது. சுரப்பிக்கு ஒன்றுமில்லை, அது இன்னும் அதிகமாகவே சுரக்கும். ஹார்மோன் இருந்தும் உடல் கேட்காத இந்த நோயை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1942-லேயே விவரித்தார். ஜி புரதத்தைக் கண்டறிந்ததற்காக கில்மன், ராட்பெல் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1994-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நோயின் பெயர் சூடோஹைப்போபாராதைராய்டிசம். அபூர்வம்தான், ஆனால் தவறவிட்டால் பிள்ளை வருடக்கணக்கில் வேறு மருந்து தின்னும்.

கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம், பி.டி.எச். அதிகம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரி என்று ரிப்போர்ட் வந்தால் இதை நினைக்க வேண்டும். வெறும் வைட்டமின் டி குறைவு என்றால் பாஸ்பரஸ் ஏறாது, பெரும்பாலும் இறங்கும். மெக்னீசியமும் சரிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் எடுக்கும்போதே பிழை நேர்வதும் உண்டு. ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குழாய் ரத்தம் கால்சியம் பார்க்கும் ரத்தத்தில் கலந்துவிட்டால் கால்சியம் பொய்யாகக் குறைந்தும் பொட்டாசியம் பொய்யாக ஏறியும் தெரியும். கையை இறுக்கிக் கட்டி வெகுநேரம் விட்டாலோ, உண்மையான குறைவு மறைந்துபோகும்.

இன்னொரு சிக்கல் தைராய்டு. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனும் இதே ஜிஎஸ் வழியாகத்தான் பேசுகிறது. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு டி.எஸ்.எச். சற்று ஏறியிருக்கும். ‘தைராய்டுதான்’ என்று மாத்திரை எழுதியதோடு தேடல் நின்றுவிடக் கூடாது. உருண்டை முகம், குட்டை உருவம் இருந்தால் பிள்ளையைக் கையை இறுக மூடச் சொல்லுங்கள். மோதிர விரலின் முட்டி எழும்ப வேண்டிய இடத்தில் குழி விழுந்தால் சந்தேகம் வலுக்கும். வேறு சில நோய்களிலும் குழி விழும் என்பதால் ரத்தப் பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் இரண்டும் உடலிலுள்ள வைட்டமின் டி-யைச் சீக்கிரம் சிதைத்துவிடும். காரணம் கால்சியம் என்று தெரியாமல் அளவைக் கூட்டக் கூட்ட, கால்சியம் இன்னும் இறங்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும்.

வாரம் ஒருமுறை தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி பொடி மட்டும் இங்கே போதாது. சிறுநீரகம் அதை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்ற பி.டி.எச். சேதி கிடைக்க வேண்டும், அந்தச் சேதிதான் போய்ச் சேரவில்லையே! ஆகவே மாற்றி முடித்த கால்சிட்ரியால் தர வேண்டும், 0.25 மைக்ரோகிராம் கேப்சூலில் தொடங்கி மருத்துவர் கூட்டுவார். கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு தர வேண்டும். அப்போதுதான் கரையும், உணவிலுள்ள பாஸ்பரஸையும் பிடிக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். நம் பக்கத்துக் கேவுரு (கேழ்வரகு) களி நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதை நம்பி மாத்திரையை விட முடியாது.

பரம்பரையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜிஎஸ் ஆல்பா புரதத்துக்கான மரபணு பழுதாகித் தாய்வழி வந்தால்தான் கால்சியம் கெடும். தந்தைவழி வந்தால் குட்டை விரலும் குட்டை உருவமும் மட்டும் வரும், ரத்தம் சரியாக இருக்கும். அப்படித் தந்தைவழி பெற்ற பெண், ‘எனக்கு ஒன்றுமில்லையே’ என்பார். ஆனால் அவர் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முழு நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால் தாயின் விரல் முட்டிகளையும் பாருங்கள். வலிப்பே வராத அண்ணன், தங்கைக்கும் கால்சியம், பாஸ்பரஸ் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஹார்மோன் நோய் மருத்துவர்கள் சிலர்,
வேலூர்.