கேஸ் குடிக்கவில்லை, பெட்ரோல் குடிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒருநாள் காலையில் எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி உங்கள் நாளிதழைக் கையில் பிடித்தபடி எங்கள் வாசலுக்கு வந்தார். "அம்மா, அமெரிக்காவுல கேஸ் வண்டிக்கெல்லாம் வரி போடுறாங்களாமே, இங்கேயும் போட்டுருவாங்களா?" என்று கேட்டார். அவர் ஓட்டுவது எல்பிஜி ஆட்டோ. புகை குறைவு, செலவும் கட்டுப்படியாகும் என்று கடன் வாங்கி எடுத்த வண்டி. அவரைக் கலங்கவைத்தது உங்கள் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் இருந்த ஒரு சொல்: 'எரிவாயு விழுங்கி வாகனங்கள்'.

ஆங்கிலத்தில் 'கேஸ் கஸ்லர்' என்று இருந்ததை அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். நான் 1986 முதல் 25 வருஷம் ஒஹாயோ மாநிலத்தில் இருந்தவள். அங்கே 'கேஸ்' என்றால் பெட்ரோல். 'கேசோலின்' என்பதன் சுருக்கம் அது. பெட்ரோல் பங்க்குக்கு அங்கே 'கேஸ் ஸ்டேஷன்' என்றுதான் பெயர். நம் சமையலறை சிலிண்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'கஸ்ல்' என்பதும் விழுங்குவது அல்ல, மடக் மடக்கென்று குடிப்பது. நம் ஊர் மெக்கானிக் எவரையும் கேட்டுப் பாருங்கள், "வண்டி பெட்ரோலைத் தண்ணியா குடிக்குது" என்பார். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அதே 'குடிப்பது'தான் தோன்றியிருக்கிறது. கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்காக 'எரிவாயு விழுங்கி'யைத் தேடிப் போக வேண்டும்?

அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது எங்கள் சொந்தக் காரைப் பற்றித்தான். போன புதிதில் என் கணவர் பத்து வருஷப் பழைய கார் ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். எட்டு சிலிண்டர், முன்பக்க பானெட்டில் ஒரு பாயையே விரிக்கலாம். டேங்க் 20 காலனுக்கு மேல் பிடிக்கும், அதாவது 75 லிட்டருக்கும் அதிகம். பம்ப்பில் டாலர் எண் ஓடிக்கொண்டே இருக்கும், நான் பர்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நோட்டில் கணக்கு எழுதிப் பார்த்தேன். ஊருக்குள் ஓட்டினால் காலனுக்கு 11 மைல். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வரவில்லை. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் அந்தக் காரைத் தட்டிக்கொடுத்து, "கேஸ் கஸ்லர்" என்றார். அவர் 1974இல் நியூஜெர்சியில் இருந்தவர். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் தருவதை நிறுத்தியதால் பங்க்குகளில் வரிசை நின்றதையும், நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் பெட்ரோல் ஊற்றியதையும் சொன்னார். விடியும் முன்பே ஃபிளாஸ்க்கில் காபியோடு போய் நிற்பாராம். அந்த வரிசையில் நின்றவர்கள் வாயில் இது எவ்வளவு கசப்பான வார்த்தை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வார்த்தை அதற்கும் பழையது. 1950களிலேயே அமெரிக்கன் மோட்டார்ஸ் தலைவர் ஜார்ஜ் ராம்னி, தங்கள் சின்ன ராம்ப்ளர் காரை விற்பதற்காக, மற்ற கம்பெனிகளின் பெரிய கார்களைப் பெட்ரோல் குடிக்கும் டைனோசர்கள் என்று சொல்லிவந்தார்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். அதிலும் உங்கள் செய்தியில் பிழை இருக்கிறது. 1978இல் சட்டம் போட்டு, 1980 மாடலிலிருந்து வசூலித்தார்கள். பேச்சு வழக்கில் இருந்த இந்த வார்த்தையே வரிக்குப் பெயராகிவிட்டது. 1991 முதல் காலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே, அதாவது லிட்டருக்குச் சுமார் ஒன்பதரை கிலோமீட்டருக்குக் கீழே ஓடும் புதிய கார்களுக்கு 1,000 டாலர் முதல் 7,700 டாலர் வரை வரி. கட்டுவது கம்பெனி, ஆனால் தொகையைக் காரின் கண்ணாடியில் ஒட்டும் விலைச்சீட்டில் காட்டியாக வேண்டும். நீங்கள் எழுதியதுபோல் இது 'எல்லாப் பெரிய வாகனங்களுக்கும்' அல்ல. கார்களுக்கு மட்டும். பிக்கப், வேன், எஸ்யூவி மூன்றுக்கும் விலக்கு. சட்டம் வந்த காலத்தில் அவை பெரும்பாலும் பண்ணைக்கும் வேலைக்கும் ஓடிய வண்டிகள். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்கே எஸ்யூவி வாங்கினார்கள். எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒன்று நின்றது. அதிகம் குடிப்பதை விட்டுவிட்டுக் குறைவாகக் குடிப்பதற்கு வரி என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அந்த விலக்கைச் சொல்லாமல் விட்டால் செய்தியின் பாதி போய்விடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009இல் காலனுக்கு 18 மைலோ அதற்குக் குறைவோ தரும் பழைய வண்டியைக் கொடுத்துப் புதிது வாங்கினால் அரசு 3,500 அல்லது 4,500 டாலர் தந்தது. அந்தப் பெரியவரின் வேனை ஒப்படைக்கும்போது நானும் கூடப் போனேன். அந்தப் பழைய வண்டி மறுபடி ரோட்டுக்கு வரக் கூடாது என்பதற்காக, மெக்கானிக் எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரம் சாதாரணமாக ஓடியது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம், ஒரு உதறல், அடங்கிவிட்டது. உள்ளே கரைசல் கண்ணாடிபோல் இறுகிவிடும், அந்த எஞ்சின் திரும்ப ஓடவே ஓடாது. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இவ்வளவும் உள்ளே இருக்கிற ஒரு வார்த்தையை 'எரிவாயு விழுங்கி' என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் போய்ச் சேராது. 'பெட்ரோல் குடிக்கும் கார்' என்று எழுதுங்கள். வரியைச் சொல்லும்போது 'பெட்ரோல் குடிக்கும் கார்களுக்கான வரி' என்றால் போதும்.

திருத்தத்தை அதே வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் போட வேண்டுகிறேன். நான் எவ்வளவு விளக்கியும், "பேப்பர்ல போட்டிருக்கேம்மா" என்றுதான் அந்தத் தம்பி திரும்பிப் போனார். ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும்போது அவர் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தில்லைநகர், திருச்சி