ஊர்காவற்றுறை – காரைநகர்: பாதையா, பாலமா?

உறவுகளே, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவிலுள்ள கடலை இப்போ பாதையில் (ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவையில்) கடக்கிறம். அதுக்குப் பதிலாப் பாலம் கேட்கிறதோ என்பதுதான் ஞாயிறு கூட்டத்தின் பேச்சு. அதுக்கு முன்னம் இதை ஒருக்கா வாசிச்சிட்டு வாங்கோ.

பாலம் கேட்கிறதெண்டால் தூண் பாலமாகக் கேட்க வேணும், தாம்போதி (கடலுக்குள் மண் போட்டு உயர்த்தும் வீதி) வேண்டாம். கடலை மண்ணால் மறிச்சு இரண்டு மதகு வைத்தால் நீரோட்டம் சுருங்கும், மதகடியில் மண் அரிக்கும், இறால் குஞ்சும் உள்ளே வராது. வள்ளம் போகும் நடு இடைவெளியின் உயரத்தைப் பெருக்கு நீரில்தான் அளக்க வேணும். வற்றில் அளந்தால் தாளில் மட்டும் சரிவரும். கம்பியை மூடும் கொங்கிறீட் மெல்லிசாக இருந்தால் உப்பு இறங்கி, துரு ஊதி, தூண் வெடிக்கும்.

யாழ்ப்பாணம் – பூநகரி வழியிலுள்ள சங்குப்பிட்டியில் 2011இல் 288 மீற்றர் பாலம் வந்து பாதையை ஓய்வாக்கியது. ஆனால் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியும்வரை ஓடிய மிதவை, 2021 நவம்பர் 23இல் கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் இறந்தார்கள். ஆகவே முதல் நிபந்தனை: பாலம் திறக்கும் நாள்வரை இப்போதைய பாதை, உயிர்காப்பு அங்கிகளோடு ஓட வேணும்.

திங்கள் தொடங்கி 7 நாள், காலை 6 முதல் மாலை 6 வரை, இரண்டு துறையிலும், கோரிக்கையோடு கொடுக்கக் கணக்கெடுப்பு. நடப்போர், சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ தனித்தனி நிரல். காத்திருந்த நிமிடம், பாதை நின்ற காரணம் (காற்றா, எஞ்சினா) கட்டாயம். "நிறையப்பேர்" என்று எழுதினால் கோப்பு கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்திலேயே) நித்திரை கொள்ளும்.

நிற்கக்கூடியவர்கள் துறையையும் நேரத்தையும் இங்கேயே போடுங்கோ.