பூசணிக்கொடியும் ஒங்க ஊர் வீடும்

ஏட்டி செல்வி,

நல்லா இருக்கியா, அண்ணனுக்கு சுகர் எறங்கிச்சா, சின்னவ இன்னமும் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிட்டுதான் இருக்காளா. சரி, கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு, இப்ப சண்டைக்கு வாரேன். ஊர் வீட்டை விக்கப் போறீங்களாம்ல? இதை நீ சொல்லல, ஜங்ஷன்ல பஸ்ஸுக்கு நிக்கும்போது கோமதி சொல்லுதா. கோமதி! அவ மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்லணுமா என்ன. போன் போட்டா "மீட்டிங்ல இருக்கேன்"னு ஒரு மெசேஜ் தட்டிவிட்டுருவே, அதான் உக்காந்து டைப் பண்ணுதேன். வீட்டைப் பத்தி பொறவு வாரேன், மொதல்ல எங்கதையைக் கேளு.

நான் பூசணி போட்டிருக்கேன். சிரிக்காத மூதி. துளசியையே பட்டுப்போக விட்டவதான், ஒத்துக்கிடுதேன். செப்டிக் டேங்குக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவுல கொஞ்சம் மண்ணு கெடக்குல்ல, அங்கதான் புரட்டாசி கடைசில ஊனினது. மார்கழிக்கு வாசல்ல பூ வைக்கணும்னு எங்க அத்தைக்கு ஆசை, கூட்டு வைக்கணும்னு எனக்கு ஆசை. நாத்தனா மகன் கிள்ளிகுளம் அக்ரி காலேஜ்ல படிக்கான்ல, அவன்தான் கோ 2ன்னு ஒரு ரகம் இருக்கு, அதைப் போடுங்க அத்தைன்னான். காய் ஒண்ணரைல இருந்து ரெண்டு கிலோதான் வருமாம். கோ 1 போட்டா ஏழு எட்டு கிலோ, மூணு பேர் இருக்க வீட்டுல அதை அறுத்து வச்சிட்டு தெருத்தெருவா குடுத்துட்டு அலையணும்.

மொளைச்சு ரெண்டு இலை விட்டதும் செவப்பு வண்டு வந்துட்டு. ராத்திரி இருந்த இலை காலைல சல்லடையா நிக்கி. பனி ஈரம் காயுறதுக்குள்ள அடுப்புச் சாம்பலைத் தூவுன்னு அத்தை சொல்லுதாக, சரிதான், கேஸ் அடுப்புல சாம்பலுக்கு எங்க போவ? முக்கு பரோட்டாக்கடைல விறகடுப்பு வச்சிருக்காங்க, தூக்குவாளியத் தூக்கிட்டுப் போய் வாங்கிட்டு வந்தேன், மாஸ்டர் என்னைப் பாத்த பார்வை இருக்கே. ஆனா கேட்டுச்சு பாத்துக்கோ. பொறவு ஐப்பசி மழைல இலையெல்லாம் வெள்ளையா சாம்பல் பூத்து, அதுக்குப் புளிச்ச மோரைத் தண்ணி விட்டுத் தெளிச்சேன். வீட்டுல ரசத்துக்கு மோருக்குன்னு கேக்க ஆளில்ல, செடிக்குத்தான் எல்லாம்னு எங்க வீட்டுக்காரவுக மொனங்கிட்டே கெடந்தாக.

அப்புறம் பூ. பூன்னா பூ, சுவர் மேல எல்லாம் மஞ்சளா. ஆனா அத்தனையும் ஆம்பளப்பூ! நீட்டுக் காம்புல ஜம்முனு நிக்கும், சாயங்காலம் சுருண்டு விழுந்துரும். பொம்பளப்பூ மெதுவாத்தான் வருது, பூவுக்கு அடியிலயே கோலிக்குண்டு அளவுல பிஞ்சோட. அதைப் பாத்துட்டு நான் போட்ட கூச்சல்ல அடுத்த வீட்டு டீச்சரம்மா ஓடி வந்துட்டா. வந்த பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி மஞ்சளாகி உதுருது. எரு பத்தலையோன்னு பாத்தா அது இல்லையாம், எரு கூடினாலும் வெறும் இலையும் ஆம்பளப்பூவுமாத்தான் வருமாம். தேனீ வரல, அதான் விஷயம். எப்படி வரும், இந்தத் தெருவுல எல்லாரும் வாசல்ல இருந்து புறவாசல் வரைக்கும் சிமெண்ட் போட்டு மெழுகிட்டானுவ, ஒரு செம்பருத்தி கூட கெடையாது. இந்தப் பூவோ விடியும் முன்னாடி விரிஞ்சு ஒம்பது பத்து மணிக்குள்ள மூடிக்கிடும். அதுக்குள்ள ஒரு தேனீ வந்து போகலன்னா அந்தப் பிஞ்சு அம்புட்டுதான். விரிஞ்ச பூவுக்குள்ள மழைத்தண்ணி எறங்கிட்டாலும் போச்சு.

அப்புறம் என்ன, நானே எறங்கிட்டேன். ஆறு மணிக்கு நைட்டி மேல துண்டைப் போட்டுட்டு, ஒரு ஆம்பளப்பூவைக் காம்போட கிள்ளி, சுத்தி இருக்க இதழை உரிச்சுட்டா நடுவுல தண்டு ஒண்ணு நிக்கும், கையில தொட்டா மஞ்சப்பொடி ஈரமா ஒட்டும். அதைப் பொம்பளப்பூவுக்குள்ள விட்டு நடுவுல மூணா பிரிஞ்ச மாதிரி இருக்கும் பாரு, அங்கன மெல்ல தேய்க்கணும். எங்க அவுக ஜன்னல் வழியா பாத்துட்டு "கல்யாண புரோக்கரம்மா, கமிஷன் எவ்ளோ"ங்காக. ஆனா ஏட்டி, நாலஞ்சு நாள் கழிச்சுப் போய்ப் பாக்கேன், பிஞ்சு குனிஞ்சு, பச்சையா, பெருத்துட்டு! எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்க.

இதுல அத்தைகூட வேற மல்லுக்கட்டு. மார்கழி பொறந்ததும் அவுக நாலரை மணிக்கே எந்திச்சு, சாணி உருட்டி, கையில கெடைச்ச பூவையெல்லாம் பறிச்சு வாசல்ல வச்சிருதாக. நான் ஆறு மணிக்குப் போனா தேய்க்க ஒரு ஆம்பளப்பூ இல்ல! "நாங்க பறிக்காத பூவா, அப்பல்லாம் காய்க்கலையா"ங்காக. அவுக சொல்றதும் நியாயந்தான், ஆம்பளப்பூ எப்படியும் காய்க்கப் போறதில்ல, ஒங்க வளவுல நாம பறிக்காத பறியா, அங்க ஒரு கூரைக்கு மூணு கொடி கெடக்கும், தேனீயும் இருந்துச்சு. கடைசில ரெண்டு பூவை மட்டும் விட்டுருங்கன்னு பேசித் தீத்தோம். பழ ஈ வேற இருக்கு, பிஞ்சுல குத்தி முட்டையிட்டா உள்ள புழுதான், அதுக்குப் பழைய பாவாடைத் துணில பை தச்சு ஒவ்வொரு காய்க்கும் மாட்டி விட்டிருக்கேன். தெருவே சிரிக்கி. சிரிக்கட்டும்.

பொங்கலுக்கு இடிசாம்பாருக்கு நம்ம வீட்டுக் காய்தான். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒங்கம்மா வைக்கிற புளிக்கறி ருசி வரல செல்வி. அது காயோட ருசி, கைப்பக்குவம் மட்டும் இல்ல. அந்த தட்டையா, வரிவரியா, தூக்க ரெண்டு பேர் வேணும்னு கெடக்குமே, அந்தக் காய். கோமதி சொல்லுதா, ஒங்க உரக்குழி ஓரத்துல அது தானா மொளைச்சு இந்த வருஷமும் கொடி ஓடியிருக்காம். ஒரு காயும் கெடக்காம். எனக்கு அது வேணும்.

தமாஷுக்குச் சொல்லல. பக்கத்துல வேற சக்கரைப்பூசணி எதுவும் இருந்தா தேனீ கலந்து விட்டுரும், அடுத்த தலைமுறை வேற மாதிரி வந்துரும். பக்கத்துல கோமதி வீட்டுல கெடக்கது தடியங்காய்தான், அதான் வெள்ளைப்பூசணி, அது இதோட சேராது, பயமில்ல. விதை மட்டும் கைக்கு வந்துட்டா, மொதநாள் சாயங்காலமே ரெண்டு மொட்டையும் நூலால கட்டி வச்சு, காலைல நானே தேய்ச்சு, திரும்பவும் கட்டிருவேன். வருஷா வருஷம் அதே காய் வரும்.

இப்ப வீட்டு விஷயம். விக்காதன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க யாரும் இருக்காத வீட்டுக்கு ஓடு மாத்தி ஓடு மாத்தி என்ன கண்டே. ஆனா ஒங்கண்ணன், பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்குற விடுதலைப் பத்திரம் கேக்காராம், நீயும் சரின்னுட்டியாம். கோமதி சொன்னதுல இதாவது பொய்யா இருக்கணும்னு நெனைக்கேன். அந்த வீடு ஒங்கம்மா பேர்ல இருந்துச்சு. அப்பாவும் இல்ல, உயில் எதுவும் எழுதல, அப்ப அண்ணனுக்கு எவ்ளோ உரிமையோ அவ்ளோ ஒனக்கும் உண்டு. சீர் செஞ்சாச்சுல்லன்னு சொல்லுவாரு. கடைசி ரெண்டு வருஷம் ஒங்கம்மாவுக்கு பெட்பேன் எடுத்தது யாருன்னு நான் கண்ணால பாத்தவ. பங்கு வேண்டாம்னு நெனைச்சா அது ஒன் இஷ்டம், ஆனா அண்ணன் மூஞ்சி கோணிரும்னு பயந்து கையெழுத்து போட்டுராத. ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டு அப்புறம் பத்திர ஆபீஸ் போ. தேதி சொல்லு, நானும் வாரேன். வெளிய பெஞ்சுல உக்காந்துக்கிடுதேன், ஒண்ணும் பேச மாட்டேன். பேசுனாலும் கொஞ்சமாத்தான் பேசுவேன்.

அதுக்கு முன்னாடி இன்னிக்கே குடியிருக்கவங்களுக்கு போன் போட்டு, காயை இப்பவே பறிச்சுர வேண்டாம், காம்பு காஞ்சு மரமா எறுகணும், தரையில படுற பக்கம் நல்லா மஞ்சளாகணும்னு சொல்லிரு. அறுக்கும்போது மூணு விரக்கடை காம்பு விட்டு அறுக்கணும், காம்பைப் புடிச்சுத் தூக்கக் கூடாது, ஒடிஞ்சா அழுகிரும். கோமதிகிட்ட குடுத்து விடுதேன்னு மட்டும் சொல்லாத, பாதி வழிலயே கொழம்பு வச்சுருவா.

வச்சிருதேன், அத்தை கூப்பிடுதாக.

ஒன்
சுந்தரி