வாலாஜாபேட்டையில் கைகொடுத்த ஐயாவுக்கு நன்றி

கடந்த ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நாள் முழுவதும் ஓட்டிவிட்டு, அதே ஸ்போர்ட்ஸ் காரில் வேலூர் திரும்பும் வழியில், வாலாஜாபேட்டைக்கு அருகே பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. சாலையோரம் வேன்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர், கடையைப் பூட்டிக்கொண்டிருந்தவர், பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, “இத நம்பி வூட்டுக்குப் போவாத தம்பி” என்று சொல்லிக் கதவை மீண்டும் திறந்தார்.

புதிய டாட் 4 தரப் பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்பதும், ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 டிகிரி வரைகூட இறங்கலாம், கொதித்தால் குமிழி உண்டாகிப் பெடல் அமுங்கிவிடும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தும், இரண்டு ஆண்டுகளாக அதை மாற்றாமல் விட்டது என் தவறுதான். நான் பெடலை மிதித்துப் பிடிக்க, அவர் பெடலிலிருந்து மிகத் தொலைவிலுள்ள பின் சக்கரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலைத் திறந்துவிடும் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, டீ நிறத்தில் குமிழியோடு வந்த ஆயில் தேன் நிறமாகத் தெளியும்வரை பொறுமையாக வெளியேற்றினார். டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கடைசிக் குமிழி குழாயில் நகர்ந்ததை நான் மறக்கமாட்டேன்.

பெடல் கல்போல் நின்றது. ஆயில் டப்பாவின் விலையைத் தவிர ஒரு ரூபாயும் வாங்கவில்லை. பெயரைக் கேட்டும் சொல்லவில்லை. ஐயா, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அடுத்த முறை தடத்துக்குப் போகும் முன், பிரேக்கை உங்களிடம் காட்டிவிட்டே செல்வேன்.