இலண்டன்–டோக்கியோ: உன் கணக்கும் விமானத்தின் கணக்கும்

அன்புள்ள மகளுக்கு,

இலண்டனுக்கும் டோக்கியோவுக்கும் இடையே சுமார் 9,600 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும், ஆகவே பதினொரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம் என்று கணக்கிட்டு, இறங்கும் நாளின் காலையிலேயே கூட்டத்திற்கு ஒப்புக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். வகுத்தலில் பிழையில்லை; ஆனால் நீ ஏறப்போகும் விமானம் அந்தப் பாதையில் செல்லாது.

நீ எடுத்துக்கொண்ட தொலைவு, பூமி உருண்டையின் மேல் இரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துக் கட்டினால் கிடைக்கும் மிகக் குறுகிய தொலைவு. அந்த நூல் ஸ்காண்டிநேவியாவைக் கடந்து சைபீரியாவின் மேல் போகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் பிரிட்டன், ஜப்பான் விமானங்கள் ரஷ்ய வான்வெளியில் பறப்பதில்லை என்பதால், முன்பு பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியிருந்த பயணம் இப்போது பதினான்கு மணி நேரத்தை ஒட்டிவிட்டது. போகும்போது பெரும்பாலும் துருக்கி, மத்திய ஆசியா, சீனா வழியாகச் செல்வாய்.

திரும்பும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. டோக்கியோவிலிருந்து இலண்டன் வரும் சில விமானங்கள் கிழக்கே கிளம்பி, வட பசிபிக், அலாஸ்கா, கிரீன்லாந்து ஆகியவற்றைக் கடந்து, இலண்டனை மேற்கிலிருந்து வந்தடைகின்றன. ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்றோட்டம், குளிர்காலத்தில் இன்னும் வலுப்பெறுவதால், ஆசியாவின் மேல் அதை எதிர்த்து வருவதைவிட இந்தச் சுற்றுவழியே சில நாட்களில் இலாபமாகிவிடுகிறது. அக்காற்றின் வலிமைக்கு ஒரு சான்று: 2020 பிப்ரவரியில் புயலின் உந்துதலால் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்கு ஐந்து மணி நேரத்திற்குள் வந்து சேர்ந்தது, வழக்கமாக அதற்கு ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும்.

பயணச்சீட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்த்தும் ஏமாந்துவிடாதே. குளிர்காலத்தில் டோக்கியோ இலண்டனைவிட ஒன்பது மணி நேரம் முன்னே இருக்கிறது, கோடையில் எட்டு. நீ செல்லும் ஜனவரியில் இலண்டனில் காலை 9 மணிக்குக் கிளம்பும் பதினான்கு மணி நேர விமானம் மறுநாள் காலை 8 மணிக்கு டோக்கியோவில் இறங்கும். திரும்பும்போது காலை 10 மணிக்குக் கிளம்பி அன்றே பிற்பகல் 3 மணிக்கு வந்துவிட்டதாகச் சீட்டு சொல்லும். இரண்டு நேரங்களையும் ஒரே ஊரின் கடிகாரத்திற்கு மாற்றிக்கொண்ட பிறகே கழிக்க வேண்டும்.

காலை 8 மணிக்கு இறங்கினால், உன் உடலுக்கு அது இரவு 11 மணி. குடிநுழைவுச் சோதனை, பெட்டிக்கான காத்திருப்பு, நகருக்குள் செல்லும் இரயில் எல்லாம் அதற்குப் பின்னர்தான். கூட்டத்தை மறுநாளுக்கு மாற்றிக் கேள். முடியாதென்றால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பு. விலை குறைவு என்று இடையில் விமானம் மாறும் சீட்டை இம்முறை எடுக்க வேண்டாம். சீட்டு உறுதியானதும் விமான எண்ணை அனுப்பு; திரும்பும் நாளில் அது எந்தப் பக்கமாக வருகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா