ஒத்திகைக்குக் கணக்கில் ஒரு வரி வேண்டும்

நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியைக் கையாளும் குழுவினருக்கு,

வணக்கம். சென்னையில் ஒரு சிறு நவீன நாடகக் குழுவின் பொருளாளர் நான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவான குழு. வரிவிலக்குக்கான 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி, சிஎஸ்ஆர் நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 என்று எல்லாப் பதிவுகளும் கையில் இருக்கின்றன. அவற்றுக்காக ஆடிட்டர் வீட்டுக்கு நடந்த நடையை வைத்தே ஒரு நாடகம் எழுதலாம்.

போன வருடம் உங்களில் ஒருவரிடம் பட்ஜெட் கொடுத்தோம். அரங்க வாடகை, லைட், உடை மூன்றுக்கும் உடனே சம்மதம். ஒத்திகை இடத்துக்கான வாடகையையும் நடிகர்களின் பேட்டாவையும் மட்டும் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். "நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதே சார், ரூல் இருக்கு."

ரூலைத் தேடிப் படித்தேன். அந்த 5 சதவீத வரம்பு நிறுவனத்துக்கு, அதாவது உங்களுக்கு. உங்கள் சிஎஸ்ஆர் பிரிவைப் பொதுவாக நிர்வகிக்க நீங்கள் செய்யும் செலவு அது. ஒரு திட்டத்தை உருவாக்கவும் நடத்தவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று சிஎஸ்ஆர் விதிகளின் 2021 திருத்தத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. சிஎஸ்ஆர் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு என்றும் இருக்கிறது. ஒத்திகையில்லாமல் எந்தக் கலையை மேடையேற்றுவது?

எங்கள் கணக்கைப் பாருங்கள். 36 மாலை ஒத்திகை. இடத்துக்கு மாலைக்கு 800 ரூபாய். எட்டு நடிகர்கள், ஆளுக்கு மாலைக்கு 200 ரூபாய் பேட்டா. வேலை முடிந்து வந்து, கடைசி ரயிலைப் பிடித்துப் போகிறவர்களுக்கு டீக்கும் டிக்கெட்டுக்கும் சரியாகப் போய்விடும். மொத்தம் 86,400. வரவு? 120 இருக்கை, 300 ரூபாய் டிக்கெட், இரண்டு காட்சி. ஒரு இருக்கை காலியில்லாமல் விற்றாலும் 72,000தான். (500 ரூபாய் வரை ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு ஆறுதல். ஓசி பாஸ் கேட்கும் சொந்தக்காரர்களைப் பற்றி இங்கே வேண்டாம்.)

இன்னொன்று. காட்சி முடிந்து பில் கொடுத்த பிறகுதான் பணம் என்கிறீர்கள். ஒத்திகை இடத்துக்காரர் முன்பணம் இல்லாமல் சாவி தருவதில்லை. போன முறை என் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போய் வந்தது.

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் 'ஒத்திகை' என்று ஒரு வரி சேருங்கள். அதற்கான தொகையை முதல் தவணையிலேயே கொடுங்கள். அடுத்த நாடகத்தின் பட்ஜெட்டை இந்த மாதம் அனுப்புகிறேன். போன வருடம் அடித்த அதே இரண்டு வரிகள் இந்த முறை முதல் பக்கத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு நாடகக் குழுவின் பொருளாளர்